எறும்பு மொய்த்த வெடிகுண்டு

என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் வெடிகுண்டிலிருந்து உயிர் தப்பியிருக்கிறேன். அந்தக் குண்டை மறுநாள் காலை எறும்புகள் தின்றுகொண்டிருந்தன. இதை எங்கே சொன்னாலும் ஜனங்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் அன்றைக்குச் சிரிக்க முடியாத ஒரு குடும்பம் இருந்தது. அதனால்தான் சிரிப்போடு நிறுத்தாமல் முழுசாக எழுதுகிறேன்.

மலாயாவில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் வெளியே சர்க்காரும் மோதிக்கொண்ட அவசரகால வருஷங்கள். மலாக்கா டவுனில் எனக்கு ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பல கை மாறி வந்த ஒரு சின்னக் காரை வாங்கியிருந்தேன். ஒரு கதவைச் சாத்தினால் மறு கதவு திறந்துகொள்ளும் ரகம். இருந்தாலும் கார் கார்தானே. கார் வாங்கியவன் அதைப் பிறந்த தோட்டத்துக்கு ஓட்டிப்போய் நாலு பேர் கண்ணில் காட்டாவிட்டால் வாங்கியதற்கு என்ன அர்த்தம்? சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே மாரியம்மன் திருவிழா வந்ததும் மனைவியை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

"ரோட்டுல ஒரு மாடு கூட இல்ல. யாருக்கு அடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"வேல செய்யுதான்னு பார்க்குறேன்லா."

"அது ஒண்ணுதான் வேல செய்யுது."

தோட்டம் நான் விட்டுப் போன மாதிரி இல்லை. அங்கங்கே இருந்த தொழிலாளர் வீட்டு லயங்களை ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். போக வர ஒரே கேட். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று, காலையில் வேலைக்குப் போகிறவர்களை அங்கே தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு காவல் குடிசை. அதில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள்.

காரை எங்கே நிறுத்துவது என்று நான் யோசித்த யோசனையைப் பரீட்சைக்குப் படித்தபோது யோசித்திருந்தால் பெரிய உத்தியோகத்தில் இருந்திருப்பேன். லயத்துப் பக்கம் வேண்டாம், பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். மரத்தடி வேண்டாம், பால்மரத்துக் காய் வெடித்துக் கூரையில் விழும். கடைசியில் உலகத்திலேயே பத்திரமான இடத்தைக் கண்டுபிடித்தேன். கேட்டுக்கு உள்ளே, காவல் குடிசைக்கு எதிரே, நான்கைந்து துப்பாக்கிகளின் பார்வையில்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. முன்பெல்லாம் அம்மன் ரதம் தோட்டத்தை விட்டு வெளியே வந்து மெயின் ரோட்டில் திரும்பும். அங்கேதான் சிதறுகாய் உடைப்பார்கள். இப்போது அம்மனுக்கும் கேட்டைத் தாண்ட அனுமதி இல்லை. ரதம் கேட்டுக்கு உள்ளேயே திரும்ப வேண்டும். அதனால் தேங்காய் உடைக்கும் கருங்கல்லையும் உருட்டிக்கொண்டுவந்து கேட்டருகே போட்டிருந்தார்கள். அந்தக் கல்லை நான் பார்க்கத்தான் செய்தேன். கார் நகர்ந்தால் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க வசதியாக இருக்கும் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

ரதம் வரும்போது மாலையாகிவிட்டது. ஊரடங்குக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்று மேளக்காரர் அம்மனைத் துரத்துகிற மாதிரி வாசித்தார். கல்லைச் சுற்றிக் கூட்டம். நேர்ந்துகொண்டவர்கள் சாக்கிலிருந்து தேங்காயை எடுத்து எடுத்து ஓங்கி அடித்தார்கள். சிதறும் சில்லை எங்கள் ஜனங்கள் தரையில் கிடக்க விடுவதில்லை. கூடையும் முந்தானையுமாகப் பெண்கள் குனிந்தபடியே பொறுக்குவார்கள். அம்மனுக்கு உடைத்தது அன்றைக்கே துவையலாகிவிடும். ரேஷன் அரிசிச் சோற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

நான் சற்றுத் தள்ளிப் பந்தலில் நின்று, ஒரு பெரியவருக்கு கியர் மாற்றும் கலையை விளக்கிக்கொண்டிருந்தேன். டமால் என்று ஒரு சத்தம். பின்னாலேயே கண்ணாடி கொட்டும் சத்தம். திரும்பினேன். என் காருக்கு முகம் இல்லை. முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை.

அந்த நாட்களில் பத்திரிகை வந்ததும் நாங்கள் முதலில் படித்தது காட்டுக்காரர்கள் எந்த ரோட்டில் எந்த வண்டியை மறித்தார்கள் என்பதைத்தான். தலை முழுக்க அதுதான் இருந்தது. தேங்காய் உடைக்கிற இடத்தில் ஏதோ உடைந்தால் தேங்காயை நினைக்க வேண்டும் என்கிற எளிய அறிவு அந்த நிமிஷம் என்னிடம் இல்லை. "குண்டு! குண்டு போட்டுட்டானுங்க!" என்று கத்திக்கொண்டே பக்கத்துக் கால்வாயில் குதித்தேன். குதித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வேட்டி தடுக்கி விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது மேலே என் மனைவி நின்றபடியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படு! படு!" என்றேன்.

"அந்தச் சாக்கடையிலயா?" என்றாள்.

ஆனால் என் குரல் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. கான்ஸ்டபிள் விசிலை ஊதினான். மேளம் நின்றது. ஆண்கள் எல்லாரும் பல சோதனைகளில் பழகியபடி அப்படியே தரையில் உட்கார்ந்து தலைமேல் கைகளை வைத்துக்கொண்டார்கள். ரதம் பாதி திரும்பியபடி நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர். தூக்கம் போதாத கண்கள்.

"நீ பார்த்தாயா?" என்று மலாயில் கேட்டார்.

"பார்க்கவில்லை, துவான். ஆனால் குண்டுதான். சீட்டெல்லாம் ஈரம். பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள்."

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருகல் இல்லை, புகை இல்லை. சுற்றிலும் மிதிபட்ட பூவும் தேங்காய் நாருமாகக் கிடந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. "குண்டோ கல்லோ, யாரோ எறிந்திருக்கிறான். எறிந்தவன் வேண்டும்" என்றார். மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் காலையில் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல் கேட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மெயின் ரோடு வரை எங்களுக்கு முன்னால் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணாடி இல்லாத காரில் வீடு வந்து சேர்ந்தோம். வாயைத் திறந்தால் பூச்சி. அந்தப் பயணத்தில்தான் முதல்முறையாக நான் பேசாமல் வந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வாள்.

மறுநாள் காலை அவள்தான் காரைக் கழுவப் போனாள். போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. உங்க குண்ட வந்து பாருங்க."

முன்சீட்டில் எறும்பு. வாசலிலிருந்து வரிசையாக வந்து, சக்கரத்தில் ஏறி, ஈரம் காய்ந்த இடமெல்லாம் மொய்த்துக்கொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து என் கையில் வைத்தாள். அதன்மேல் மஞ்சள் கூடக் கரையவில்லை.

"பெட்ரோலுக்கு எறும்பு வருமா?" என்றாள்.

எனக்கு வந்தது வெட்கமா நிம்மதியா என்று தெரியவில்லை. நிம்மதிதான் பெரிசு. காட்டுக்காரர்கள் என்னைத் தேடவில்லை. அதில் சின்ன ஏமாற்றமும் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் காருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்த காப்புறுதி ஏஜெண்டைப் பார்க்கப் போனேன்.

அவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். கழுத்துப் பட்டி கட்டாமல் வீட்டு வாசலைக் கூடத் தாண்டாதவர். பொலிசியை விரித்து மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார்.

"தம்பி, நடந்ததை ஒழுங்காச் சொல்லும். குண்டோ, தேங்காயோ?"

"குண்டுன்னா என்னங்க, தேங்காய்னா என்னங்க?"

"குண்டெண்டால் கலகம், கிளர்ச்சி. அதுக்குக் கொம்பனி ஒரு சதமும் தராது, இதிலயே போட்டிருக்கு. தேங்காயெண்டால் விபத்து. தருவினம்."

"தேங்காய்தாங்க! சத்தியமா தேங்காய்!" என்று சில்லை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதை விரல் நுனியால் நகர்த்தி, பொலிசியின் மேல் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டார்.

"ஆனால் நீர் பொலிஸ்காரரிட்ட குண்டெண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறீர். முதல்ல போய் அதை மாத்தும். ரிப்போட்டில ஆர் எறிஞ்சதெண்டும் இருக்க வேணும். நிப்பாட்டி வைச்ச காரை இடிச்சது ஆரெண்டு கேக்காமல் கொம்பனி விடாது. பொலிசுக்குச் சொல்லுறதும் கொம்பனிக்குச் சொல்லுறதும் ஒண்டாயிருக்க வேணும், கண்டீரோ."

எறிந்தவர் பெயர்தானே, தோட்டத்தில் கேட்டால் தெரிந்துவிடும் என்று விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மதிய வெயிலில் பஸ் பிடித்து வந்து என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார், தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அக்கா. பால் எடுக்க மரம் வெட்டுகிறவர். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். மனைவி கொடுத்த காப்பி ஆறிப்போயிருந்தது.

"தம்பி, அது நான் ஒடச்ச காய்" என்றார். "கல்லு ஓரத்துல பட்டு வழுக்கிருச்சு. நீ குண்டுன்னு கத்தினப்ப நானும் குண்டுன்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் கல்லுக்கிட்ட என் காய காணோம்னு பார்த்தேன்."

"அட, அவ்வளவுதானக்கா! நாளைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. தேங்காய் ஒடச்சா குத்தமா?"

அக்கா என்னையே பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவருடைய வீட்டுக்காரர் சில வாரங்களுக்கு முன்னால்தான் தடுப்பு முகாமிலிருந்து வந்திருந்தார். காட்டுக்கு அரிசி கொடுத்தார் என்று யாரோ சொல்ல, இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுகிறோம் என்று ஒரு காலையில் கூட்டிப் போனார்கள். மாதக்கணக்காகிவிட்டது. குற்றம் என்று எதையும் சொல்லவில்லை. ஒரு நாள் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்ததற்கு நேர்ந்துகொண்டதுதான் அந்தத் தேங்காய்.

"நேத்துலேர்ந்து சட்டைய போட்டு கழுத்து பட்டன் வரைக்கும் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. சாப்பிடல. எப்படியும் கூப்புடத்தான் போறாங்கங்கிறாரு." அக்காவின் குரல் இறங்கியது. "நான் போய் சொல்றது பெரிசில்ல தம்பி. ஆனா அவரு பொண்டாட்டி எறிஞ்சதுன்னா, அது தேங்காயா இருந்தாலும் அவங்களுக்கு குண்டுதான். எங்க பேரு மட்டும் தாள்ல ஏற வேணாம்."

அவர் போன பிறகு நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன். என் ஒரு சத்தம் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது! நான் கால்வாயிலிருந்து எழுந்து வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று. அந்தச் சத்தம் மட்டும் தோட்டத்தில் ஒரு மனிதனின் கழுத்துப் பட்டனில் போய் நிற்கிறது. தேங்காய் என்று சொன்னால் யார் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் குண்டு என்றே நிற்கும். காப்புறுதியை விட்டுவிட்டாலும் போலீஸ் விடாது.

"யாராச்சும் ஒருத்தர் பேரு வேணும், அவ்வளவுதானே?" என்றாள் மனைவி, அரிசி களைந்தபடியே. "முட்டாள்தனமா காருக்கு முன்னால தேங்கா ஒடைக்கிற ஆளுன்னு சொன்னா யார நம்புவாங்க?"

"யார?"

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மாலையில் ஏஜெண்ட் வீட்டுக்கு மறுபடியும் போனேன்.

"ஐயா, கார் வச்சிருக்கறவனே ஒடச்சிருந்தா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். "விபத்தெண்டால் ஆர் கையால நடந்தாலும் விபத்துத்தான். மடைத்தனத்துக்குப் பொலிசியில விலக்கில்லை, தம்பி. இருந்திருந்தால் மலாயாவில ஒரு காருக்கும் காப்புறுதி இருக்காது."

அடுத்த நாள் காலை கேட்டில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் முள்கம்பிக்குப் பக்கத்தில். அக்காவின் வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க நான் கஷ்டப்படவில்லை. வெயிலில் கழுத்து வரை பட்டன் போட்டிருந்தது அவர் ஒருவர்தான். இன்ஸ்பெக்டர் கையில் நோட்டுப் புத்தகம். நான் போய் முன்னால் நின்றேன். இந்தத் தடவை வேட்டி கட்டவில்லை. தடுக்கி விழாமல் இருக்கக் கால்சட்டை போட்டிருந்தேன்.

"துவான், அது குண்டு இல்லை. கெலாப்பா." தேங்காய்ச் சில்லை நீட்டினேன். "என் புதுக் காருக்காக நேர்ந்துகொண்டேன். நான்தான் உடைத்தேன். தவறி என் கண்ணாடியிலேயே பட்டுவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது."

அவர் சில்லைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கார் நின்ற இடத்தைப் பார்த்தார். "இங்கிருந்து அங்கே எப்படிப் போகும்?" என்றார். கோயிலிலிருந்து ஒரு தேங்காயைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "காட்டு."

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் ஒரு தேங்காயும் உடைத்ததில்லை. வீட்டில் மனைவி உடைப்பாள், கோயிலில் பூசாரி உடைப்பார். நன்றாக உடைந்துவிட்டால் நான் பொய்யன். உடையாவிட்டாலும் பொய்யன். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன்.

தேங்காய் கல்லின் ஓரத்தில் பட்டு, இன்ஸ்பெக்டரின் காதோரமாகப் பறந்து, காவல் குடிசையின் தகரக் கூரையில் போய் விழுந்தது. காலை அமைதியில் அந்தச் சத்தம்! இரண்டு நாள் முன்னால் கேட்டது இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

கண்ணைத் திறந்தபோது நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான். கான்ஸ்டபிள்கள் குப்புறக் கிடந்தார்கள். இன்ஸ்பெக்டர் கால்வாயில் இருந்தார், நான் கிடந்த அதே இடத்தில். வரிசையில் நின்ற ஆண்கள் ஓடவில்லை, படுக்கவில்லை. யாரும் சொல்லாமலே எல்லாரும் தரையில் உட்கார்ந்து தலைமேல் கைகளை வைத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரரும். அவர் கண்களை மூடியிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கூடச் சிரிப்பு வரவில்லை.

தேங்காய் கூரையிலிருந்து உருண்டு வந்து மண்ணில் விழுந்தது. உடையவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். உட்கார்ந்திருந்த அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அக்கா முள்கம்பிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். அம்மனுக்கு என்று ஓங்கிய காயை உடையாமல் விடுவது எங்களுக்கு ஆகாத காரியம். வேறு எதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தேங்காயை எடுத்தார், மண்ணைத் துடைத்தார், கல்லின் நடுவில் ஒரே அடி. சில்லு சில்லாகச் சிதறியது. அடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். இரண்டு கைகளில் எது தேங்காய் உடைக்கிற கை என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

"நீ" என்றார் என்னைக் காட்டி, "இனிமேல் எதையும் எறியாதே." நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதி மூடினார். வரிசையைப் பார்த்து, "சுடா, முடிந்தது. எழுந்திருங்கள், வேலைக்குப் போங்கள்" என்றார். ஜீப்பில் ஏறும் முன் குனிந்து ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கும் காலையிலிருந்து சாப்பாடு இல்லையோ என்னவோ.

ஆண்கள் மெதுவாக எழுந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர்தான் கடைசி. எழுந்து நின்று கழுத்துப் பட்டனைக் கழற்றினார். அதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

காப்புறுதிக் கம்பெனி பல கடிதங்களுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தது. கூடவே, காப்புறுதி செய்த வாகனத்தின் அருகில் சமயச் சடங்குகளைத் தாங்களே நிறைவேற்றுவதைத் தவிர்க்கும்படி ஓர் ஆலோசனை. ஏஜெண்ட் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "நல்ல மனிசன் ஐசே நீர்" என்றார்.

அலுவலகத்தில் கொஞ்ச காலம் எனக்குத் தேங்காய்க் கிராணி, அதாவது தேங்காய்க் குமாஸ்தா, என்று பெயர் இருந்தது. ராத்திரியில் ஏதாவது விழுந்தால் இப்போதும் முதலில் படுக்கையை விட்டு உருள்கிறவன் நான்தான். அந்தப் பயம் போகவில்லை. அதை உரக்கச் சொல்லும் முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கும் காரில்தான் போனோம். கேட்டுக்குள் நுழைந்ததும் ஓர் ஆள் ஓடி வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். அக்காவின் வீட்டுக்காரர். நெஞ்சு தெரியப் பட்டன்கள் திறந்த சட்டை. அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஐயா, இங்க வேணாம்" என்றார். "அந்தக் கடைசி லயத்துக்கு அந்தாண்ட போடுங்க. நானே கூட நின்னு பார்த்துக்குறேன்."